டொமைன் தேடும் பெட்டி: "காலி" என்று எப்போது சொல்லலாம்?

#1 · 3 மார்ச் 2025, காலை 10:12 · கேள்வி

ஹோஸ்டிங் விற்கும் தளம் ஒன்றுக்கு டொமைன் தேடும் பெட்டி வைக்க வேண்டும். பெயரை அடித்தால் .காம், .நெட், .ஆர்க், .இன் நான்கிலும் காலியா என்று காட்டினால் போதும். டிஎன்எஸ்-இல் (பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தரும் அமைப்பு) ஏ ரெக்கார்டு, அதாவது அந்தப் பெயரின் ஐபி, இருந்தால் எடுத்தாயிற்று, இல்லாவிட்டால் காலி. பிஹெச்பி-யில் ஒரு வரியில் முடிகிறது. பத்துப் பெயர் போட்டுப் பார்த்தேன், பத்தும் சரி. பதிவு விவரம் கேட்கும் ஹூஇஸ், ஆர்டாப் எல்லாம் எதற்கு?

#2 · 3 மார்ச், காலை 11:40

பத்தும் ஓடிக்கொண்டிருக்கிற தளங்களின் பெயராக இருந்தால் சரியாகத்தான் வரும். வாங்கி வைத்துவிட்டு ஒன்றும் ஏற்றாத பெயரைப் போட்டுப் பாருங்கள், அப்போது தெரியும்.

மின்னஞ்சலுக்கு மட்டும் வைத்திருக்கும் டொமைனில் எம்எக்ஸ் (அஞ்சல் சர்வரைச் சொல்லும் ரெக்கார்டு) இருக்கும், ஏ இருக்காது. உங்கள் பெட்டி அதைக் காலி என்று காட்டும். வாடிக்கையாளர் பணம் கட்டுவார், ரெஜிஸ்ட்ரார் (பெயரைப் பதிந்து விற்கும் நிறுவனம்) பக்கம் மறுத்துவிடும், பணத்தைத் திருப்பும் வேலை உங்கள் தலையில்.

ஏ-யை விட்டுவிட்டு, டொமைனுக்குப் பதில் சொல்லும் நேம்சர்வர் எது என்று காட்டும் என்எஸ் ரெக்கார்டைக் கேளுங்கள். பதிவான டொமைனுக்கு நேம்சர்வர் கொடுத்திருந்தால், அதன் மேல் தளம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் என்எஸ் வந்துவிடும். பதிலின் எண்ணையும் பாருங்கள்: 0 என்றால் பெயர் இருக்கிறது, 3 என்றால் அப்படி ஒரு பெயர் டிஎன்எஸ்-இல் இல்லை, 2 என்றால் கேட்ட இடத்தில் கோளாறு. 2 வந்தால் அதைக் "காலி"யில் சேர்க்கவே கூடாது. பெயர் பதிவாகி, அதன் நேம்சர்வர் செத்துக் கிடந்தாலும் 2 தான் வரும்.

பிஹெச்பி-யின் செக்டிஎன்எஸ்ஆர்ஆர் இந்த எண்ணைத் தராது. ஆம், இல்லை இரண்டுதான். டைம்அவுட் ஆனாலும் "இல்லை". போதாக்குறைக்கு, வகை சொல்லாமல் கூப்பிட்டால் அது எம்எக்ஸ்-ஐத் தேடும். கெட்ஹோஸ்ட்பைநேம் தோற்றால், கொடுத்த பெயரையே திருப்பித் தரும். அதை ஐபி என்று எடுத்துக்கொண்டு ஓடும் ஸ்கிரிப்டுகள் நிறைய உண்டு. எதைக் கூப்பிட்டாலும் பெயரின் கடைசியில் ஒரு புள்ளி வையுங்கள். இல்லாவிட்டால் சர்வரின் தேடல் பட்டியலில் உள்ள பெயரை ஒட்டி இன்னொரு முறை தேடிவிடும்.

இவ்வளவும் செய்தாலும் பாதிதான். நேம்சர்வர் கொடுக்காமல் பதிந்த பெயர், ரெஜிஸ்ட்ரார் நிறுத்தி வைத்த பெயர், காலாவதியாகி மீட்புக் காலத்தில் கிடக்கும் பெயர் எதுவுமே டிஎல்டி-யின் (.காம், .இன் போன்ற கடைசிப் பகுதி) ஸோன் கோப்பில், அதாவது டிஎன்எஸ்-க்கான பெயர்ப் பட்டியலில், இருக்காது. எல்லாவற்றுக்கும் 3 தான் வரும். எல்லாமே பிறர் கையில் இருப்பவை.

டிஎன்எஸ் "இருக்கிறது" என்றால் நம்பலாம். "இல்லை" என்றால் அடுத்த இடத்தில் கேட்க வேண்டும்.

#3 · 3 மார்ச், மதியம் 12:25

அடுத்த இடம் ஆர்டாப். வெப் முகவரிக்கு ஒரு வேண்டுகோள், ஜேசனில் (நிரல் எளிதாகப் படிக்கும் உரை வடிவம்) பதில். டொமைன் பெயர்களுக்கு விதி வகுக்கும் ஐகான் அமைப்பின் ஒப்பந்தத்துக்குள் வரும் பொது டிஎல்டி-கள் எல்லாம் 2019 ஆகஸ்ட் 26 முதல் இதைத் தந்தாக வேண்டும்.

எந்த டிஎல்டி-க்கு எந்த சர்வர் என்பது இணையப் பெயர், எண் பட்டியல்களைப் பராமரிக்கும் ஐயானா வெளியிடும் டிஎன்எஸ்.ஜேசன் கோப்பில் இருக்கிறது. "சர்வீசஸ்" பட்டியலில் ஒவ்வொரு உறுப்பும் இரண்டு அடுக்கு: முதலில் டிஎல்டி பெயர்கள், அடுத்து அடிமுகவரிகள். நாளுக்கு ஒரு முறை இறக்கி உங்கள் சர்வரில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தேடலுக்கும் அங்கே போய்க் கேட்பது தவறு.

அடிமுகவரியோடு "டொமைன்/" சேர்த்து, அதன் பின் முழுப் பெயர். இருக்கிறதா என்று மட்டும் தெரிய வேண்டுமானால் கெட் (முழுப் பதிலும் கேட்பது) வேண்டாம், ஹெட் (தலைப்பு மட்டும் கேட்பது) போதும். இணையத் தர ஆவணமான ஆர்எஃப்சி 7480 அதற்காகவே ஹெட்டைச் சொல்கிறது. 405 (இந்த முறையில் கேட்க முடியாது) வந்தால் அந்த சர்வருக்கு மட்டும் கெட்.

200: எடுத்தாயிற்று. 404: பதிவு இல்லை. 301, 302, 303, 307: பின்தொடருங்கள், ஐந்து தாவலுக்கு மேல் வேண்டாம். 429: வேகத்தைக் குறை. மற்றது எதுவானாலும் "தெரியவில்லை".

அந்தத் "தெரியவில்லை"க்கு நிரலில் தனி மதிப்பு வேண்டும். பூலியன் (ஆம், இல்லை மட்டும்) வைத்துக் கட்டிய பெட்டி, இன்றோ நாளையோ ஒரு கோளாறைக் காலி என்று காட்டியே தீரும்.

#4 · 4 மார்ச், காலை 9:05 · கேள்வி

பிஹெச்பி-யை விட்டு நோட்-க்கு (சர்வரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட்) மாற்றி ஆர்டாப் சேர்த்துவிட்டேன். .காம்-இல் இப்போது எதைப் போட்டாலும் காலி. கூகுள்.காம் கூடக் காலி. .காம்-ஐ நடத்தும் வெரிசைன் தடுக்கிறதா?

#5 · 4 மார்ச், காலை 9:31

தடுத்தால் 404 வராது. முகவரியை ஒட்டுகிற வரியைப் பாருங்கள்.

ஐயானா கோப்பில் .காம்-இன் அடிமுகவரி "காம்/வி1/" என்று சாய்கோட்டோடு முடிகிறது. நோட்-இன் யூஆர்எல் கட்டமைப்பானுக்கு நீங்கள் "/டொமைன்/கூகுள்.காம்" என்று முன்னால் சாய்கோடு போட்டுக் கொடுத்திருப்பீர்கள். முன் சாய்கோடு என்றால் வேரிலிருந்து தொடங்கு என்று அர்த்தம். "காம்/வி1" காணாமல் போய், சர்வரின் வேரில் "டொமைன்/கூகுள்.காம்" என்று கேட்கிறீர்கள். அங்கே அப்படி ஒரு பாதை இல்லை, அதனால் 404. உங்கள் நிரல் அதைக் "காலி" என்று படிக்கிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அடிமுகவரியின் கடைசிச் சாய்கோட்டை யாராவது "சுத்தம்" செய்து வெட்டிவிட்டால் "வி1" மட்டும் உதிர்ந்து போகும். அடிமுகவரி சாய்கோட்டில்தான் முடிய வேண்டும் என்று ஆர்எஃப்சி 9224 கட்டாயமாகச் சொல்வது இதனால்தான். கோப்பில் இருப்பதை அப்படியே எடுத்து, அதன் பின்னால், முன் சாய்கோடு இல்லாத "டொமைன்/…" ஒட்டினால் சரியாகிவிடும்.

#6 · 4 மார்ச், காலை 10:50

#3-இல் 404 என்றால் பதிவு இல்லை என்று மொட்டையாக எழுதிவிட்டேன். #5-ஐப் பார்த்தபின் அது போதாது. ஆர்டாப் சர்வர் தரும் 404-உம், தவறான பாதைக்கு வெப் சர்வர் தரும் 404-உம் எண்ணில் ஒன்றுதான். ஆர்டாப் தரும் 404-இல் உள்ளடக்கம் இருந்தாக வேண்டும் என்றும் இல்லை, ஆகவே அதை வைத்தும் பிரிக்க முடியாது.

பிரிக்க ஒரே வழி காவல் பெயர். ஒவ்வொரு டிஎல்டி-க்கும் நிச்சயம் பதிவில் உள்ள ஒரு பெயரைக் குறித்து வையுங்கள். .காம், .நெட், .ஆர்க் மூன்றுக்கும் எக்ஸாம்பிள் என்ற பெயர் ஆர்எஃப்சி 2606-இலேயே ஒதுக்கப்பட்டது. அது யாருக்கும் போகாது. புதிய டிஎல்டி-களில் "நிக்" என்ற பெயர் ரெஜிஸ்ட்ரியிடம் (அந்த டிஎல்டி-யை நடத்தும் நிறுவனம்) இருக்கும், அதைக் கையால் ஒரு முறை கேட்டு 200 வருகிறதா என்று பார்த்துவிட்டுச் சேருங்கள்.

நிரல் எழும்பும்போது ஒரு முறை, பின் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை காவல் பெயரைக் கேளுங்கள். 200 வராவிட்டால், அந்த டிஎல்டி-யில் அடுத்த 200 வரும்வரை 404 எல்லாம் "தெரியவில்லை" ஆக மாற வேண்டும். டிஎல்டி-க்கு நாளுக்கு 144 வேண்டுகோள்தான், எந்த சர்வருக்கும் சுமை இல்லை. சர்வர் முகவரி மாறினாலும், நடுவில் உள்ள புராக்ஸி கெட்டாலும் பத்து நிமிடத்தில் பிடித்துவிடும்.

#7 · 4 மார்ச், மாலை 4:18

வேகம் பற்றி. ஒரு சர்வருக்கு ஒரே நேரத்தில் இரண்டு வேண்டுகோளுக்கு மேல் போகாதபடி வரிசை வையுங்கள். வரிசை டிஎல்டி-க்கு இல்லை, சர்வருக்கு: .காம், .நெட் இரண்டும் வெரிசைன்தான், பல புதிய டிஎல்டி-களும் ஒரே சர்வரில் குடியிருக்கும். 429-உடன் ரிட்ரை-ஆஃப்டர் வந்தால் அவ்வளவு நேரம் காத்திருங்கள். வராவிட்டால் 2, 4, 8 விநாடி, அதற்கு மேல் முயலாமல் "தெரியவில்லை". டைம்அவுட் டிஎன்எஸ்-க்கு 2 விநாடி, ஆர்டாப்-க்கு 5.

உலாவியிலிருந்தே நேராக ஆர்டாப்-ஐக் கேட்கலாமா என்று தோன்றும். கிராஸ் ஆரிஜின் அனுமதியை (வேறு தளத்தின் பக்கத்திலிருந்து கேட்க விடுவது) எல்லாருக்கும் திறந்து வைக்கும்படி ஆர்எஃப்சி 7480 பரிந்துரைக்கிறது, ஆகவே பல இடங்களில் நடக்கும். உங்கள் ஐபி-யின் வரம்பும் தீராது. ஆனால் கேஷும் (வந்த பதிலைச் சேமித்து வைப்பது) காவல் பெயரும் கைவிட்டுப் போகும். எனக்கு சர்வர் வழிதான் சரி என்று படுகிறது.

#8 · 5 மார்ச், காலை 8:44

நாட்டு டிஎல்டி-கள் பற்றித் தனிமடலில் கேட்டிருந்தீர்கள். இங்கேயே எழுதுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும்.

நாட்டு டிஎல்டி-கள் ஐகானின் ஆர்டாப் கட்டாயத்துக்குள் வருவதில்லை. ஐயானா கோப்பில் இருந்தால் ஆர்டாப், இல்லாவிட்டால் ஹூஇஸ். டிசிபி 43-ஆம் போர்ட், பெயரை எழுதி வரி முடிவு அனுப்பு, வருவதைப் படி. முறை அவ்வளவுதான். தொல்லை எல்லாம் பதிலில்தான். பதில் எப்படி இருக்க வேண்டும் என்று தரம் கிடையாது, எழுத்துக் குறியீட்டுக்கும் கிடையாது. வெரிசைன் "நோ மேட்ச்" என்கிறது. ஜெர்மனியின் .டிஇ "ஸ்டேட்டஸ்: ஃப்ரீ" என்கிறது. ஜப்பானின் .ஜேபி-க்கு பெயரின் பின்னால் சாய்கோடு-இ சேர்த்தால்தான் ஆங்கிலத்தில் பதில். டிஎல்டி-க்கு ஒரு வாசகம், ஒவ்வொன்றும் அறிவிப்பில்லாமல் மாறக்கூடியது.

இங்கே ஒரே விதி: "காலி" வாசகம் இருந்தால் காலி, "பதிவு" வாசகம் இருந்தால் எடுத்தாயிற்று, இரண்டும் இல்லாவிட்டால் தெரியவில்லை. இணையத்தில் சுற்றும் பழைய பிஹெச்பி ஸ்கிரிப்டுகளில் பல "பதிவு வாசகம் இல்லை, ஆகவே காலி" என்று முடிப்பவை. "அளவுக்கு மேல் கேட்டுவிட்டீர்கள்" என்று ஹூஇஸ் சர்வர் ஒரு வரி அனுப்பினால் அதுவும் காலியாகிவிடும். கூட்டம் அதிகமான நாளில்தான் அந்த வரி வரும், அன்றைக்கென்று எல்லாப் பெயரும் காலி என்று காட்டும்.

பொது டிஎல்டி-களுக்கு இனி ஹூஇஸ்-ஐ நம்பிப் புதிதாக எதையும் எழுத வேண்டாம். 2025 ஜனவரி 28-உடன் அதைத் தர வேண்டிய கட்டாயம் முடிந்துவிட்டது.

பாதுகாப்பும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஷெல் வழியாக ஹூஇஸ் கட்டளையைக் கூப்பிடாதீர்கள். பெட்டியில் அரைப்புள்ளி போட்டு இன்னொரு கட்டளையை ஒட்டி அடிப்பவர் உண்டு. சாக்கெட் திறந்து எழுதினாலும், பெயருக்குள் வரி முடிவு நுழைந்துவிடாமல் முன்பே சோதித்துவிடுங்கள். ஹூஇஸ் பதிலைப் பக்கத்தில் காட்டுவதாக இருந்தால் எச்டிஎம்எல் குறிகளைக் கட்டாயம் முறித்துக் காட்ட வேண்டும். அதில் உள்ள நிறுவனப் பெயர், முகவரி எல்லாம் பதிந்தவர் தன் கையால் எழுதியவை. அங்கே ஒரு ஸ்கிரிப்ட் குறி இருந்தால் அது உங்கள் தளத்தில் ஓடும்.

#9 · 5 மார்ச், மாலை 6:30

பெயரைச் சோதிக்கும் விதி: சிறிய எழுத்தாக்கு, முன்னால் உள்ள நெறிமுறையையும் மூன்று டபிள்யூ-வையும் வெட்டு, இடைவெளி நீக்கு. ஒரு துண்டு 1 முதல் 63 எழுத்து, முழுப்பெயர் 253-க்குள். எழுத்து, எண், இடைக்கோடு மட்டும். இடைக்கோட்டில் தொடங்கவோ முடியவோ கூடாது. 3, 4-ஆம் இடங்களில் இரட்டை இடைக்கோடு வந்தால் அது மாற்றெழுத்துப் பெயர்களுக்கு ஒதுக்கியது.

கோ.இன் போன்ற இரண்டடுக்கு முடிவுகளை நீங்களே பட்டியல் போடாதீர்கள். பப்ளிக் சஃபிக்ஸ் லிஸ்ட் இருக்கிறது. அதில் ஐகான் பகுதியை மட்டும் எடுங்கள். அதன் கீழே உள்ள தனியார் பகுதியில் கிட்ஹப்.ஐஓ போன்றவை இருக்கும். அவை விற்பனைக்கு உள்ள டிஎல்டி-கள் இல்லை.

#10 · 6 மார்ச், காலை 7:55

தமிழ்ப் பெயர்கள். .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் மூன்றும் வேர் ஸோனில் (டிஎல்டி-களின் தலைமைப் பட்டியல்) இருக்கின்றன, .காம்-இலும் தமிழில் பதியலாம். பெட்டி தமிழை ஏற்காவிட்டால் அது நம் பக்கக் குறை. ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாக.

தமிழ்ப் பெயர் டிஎன்எஸ்-க்குப் போகும் முன் ப்யூனிகோடாக மாறி, எக்ஸ்-என்-இரட்டை இடைக்கோடு என்று தொடங்கும் ரோமன் எழுத்து வரிசையாகிவிடும். ஐயானா கோப்பில் தமிழ் டிஎல்டி-யைத் தேடுவதானால் அதையும் முதலில் மாற்றிவிட்டே தேட வேண்டும். 63 எழுத்து வரம்பும் மாற்றிய பின் எண்ணுவது. தமிழில் பத்துப் பதினைந்து எழுத்து நீளமுள்ள பெயர் மாற்றியதும் நன்றாக நீண்டுவிடும்.

வெறும் ப்யூனிகோடு நூலகத்தை நேரடியாகக் கூப்பிடக் கூடாது. "கொடி" என்ற சொல்லை எடுங்கள். கொ-வில் உள்ள ஒகரக் குறி யூனிகோடில் ஒரே குறியாகவும் இருக்கலாம்; எகரக் கொம்பு, துணைக்கால் என்று இரண்டு குறியாகவும் இருக்கலாம். திரையில் ஒரு மாற்றமும் தெரியாது, ப்யூனிகோடு மட்டும் வேறு வேறாக வரும். பதிவாகியிருப்பது என்எஃப்சி வடிவம், அதாவது ஒற்றைக் குறி. பழைய எழுத்துரு மாற்றிகளிலிருந்து ஒட்டிய பெயரில் இரட்டைக் குறி வரும், எடுத்த பெயர் காலியாகத் தெரியும். யூனிகோடின் யுடிஎஸ் 46 முறையைப் பின்பற்றும் நூலகம் இதை ஒன்றாக்கிவிடும். நோட்-இல் டொமைன்டுஆஸ்கி, பிஹெச்பி-யில் இன்டல் நீட்சியின் ஐடிஎன்_டு_ஆஸ்கி இரண்டும் அந்த முறைதான். பைதானுக்குள் வரும் ஐடிஎன்ஏ கோடெக் 2003-ஆம் ஆண்டு விதிப்படி நடப்பது. அதற்குப் பதில் அதே பெயரில் தனியாகக் கிடைக்கும் பொதியை எடுங்கள், அது 2008 விதி.

நூலகம் தீர்க்காதவை இரண்டு. முதலாவது ஸ்ரீ. ஸ-வில் தொடங்கி எழுதுவதும் ஶ-வில் தொடங்கி எழுதுவதும் பெரும்பாலான எழுத்துருக்களில் ஒரே உருவம், குறியீடு வேறு. என்எஃப்சி இவற்றைச் சேர்க்காது. ஸ்ரீ உள்ள பெயருக்கு இரண்டு வடிவத்தையும் கேட்டு, ஒன்று எடுத்திருந்தாலும் வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டும். இரண்டாவது கௌ, கெள. முதலாவது ஔகாரக் குறி, அடுத்தது கெ-யும் ள-வும். அடிக்கும்போது மாற்றி அடிப்பவர் நிறையப் பேர். இதையும் இரண்டாகக் கேளுங்கள்.

சில விசைப்பலகைகள் சொல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறிகளை விட்டுவிடும். தமிழில் பெயருக்கு அவை தேவைப்படுவதில்லை. மாற்றும் முன் நீக்கிவிடலாம்.

#11 · 6 மார்ச், இரவு 9:10

#2-க்குத் திருத்தம். எண் 0 வந்தால் பெயர் இருக்கிறது என்றேன். 0 வந்து பதில் வெறுமையாக இருக்கவும் கூடும். என்எஸ் ரெக்கார்டு கையில் வந்தால் மட்டுமே "எடுத்தாயிற்று" என்று வையுங்கள்.

காரணம் வைல்டுகார்டு. ஒரு டிஎல்டி எல்லாப் பெயருக்கும் பொதுவாக ஒரு ஏ ரெக்கார்டு வைத்தால், பதியாத பெயருக்கும் 0 வரும். 2003 செப்டம்பர் 15 அன்று வெரிசைன் சைட் ஃபைண்டர் என்ற பெயரில் .காம், .நெட் முழுவதற்கும் இதைச் செய்தது. பதியாத எந்தப் பெயரை அடித்தாலும் அவர்கள் தேடல் பக்கம். ஐகான் வற்புறுத்தியபின் அக்டோபர் 4 அன்று நிறுத்தினார்கள். இருபது நாளுக்குள் எத்தனையோ மின்னஞ்சல் வடிகட்டிகள் திணறின, ஏனென்றால் அனுப்பியவரின் டொமைன் உண்மையில் இருக்கிறதா என்று டிஎன்எஸ்-ஐக் கேட்டுத்தான் அவை குப்பையைப் பிரித்துக்கொண்டிருந்தன.

20 எழுத்தில் தாறுமாறான பெயர் ஒன்றை டிஎல்டி-க்கு ஒரு முறை கேட்டுப் பாருங்கள். என்எஸ் வந்தால் அங்கே டிஎன்எஸ் படியையே விட்டுவிட்டு நேராக ஆர்டாப் போங்கள்.

#12 · 8 மார்ச், காலை 10:02 · கேள்வி

டிஎன்எஸ்-இல் இல்லை, ஆர்டாப்-இல் 404, காவல் பெயர் 200. இப்போதாவது காலி என்று போடலாமா?

#13 · 8 மார்ச், காலை 11:20

"பதிவில் இல்லை" என்று போடலாம். விலை போட்டு விற்பதானால் இன்னும் ஒரு படி.

ரெஜிஸ்ட்ரி தனக்கென்று ஒதுக்கி வைத்த பெயர் பதிவில் இல்லாததால் 404 தரக்கூடும். பிரீமியம் பெயரும் அப்படித்தான்: காலிதான், ஆனால் விலை பல மடங்கு. இரண்டையும் சொல்லக்கூடிய இடம் இபிபி ஒன்றுதான். ரெஜிஸ்ட்ராரும் ரெஜிஸ்ட்ரியும் 700-ஆம் போர்ட்டில் பேசும் மொழி அது. செக் கட்டளைக்கு ஒவ்வொரு பெயரோடும் 1 அல்லது 0, 0 என்றால் காரணம் ஒரு வரி வரலாம். ஆர்எஃப்சி 8748-இன் கட்டண நீட்சி இருந்தால் விலையும் வரும். நேராக இபிபி பேச ரெஜிஸ்ட்ராராக இருக்க வேண்டும். ரீசெல்லர் கணக்கு (ரெஜிஸ்ட்ராரிடம் வாங்கி விற்பது) இருந்தால் அந்த ரெஜிஸ்ட்ராரின் ஏபிஐ (நிரல் வழியாகக் கேட்கும் வழி) பின்னால் இதைத்தான் செய்கிறது.

ஆகவே ஏணி இப்படி: அடிக்கும்போது டிஎன்எஸ், நின்றதும் ஆர்டாப், "கூடையில் சேர்" அழுத்தியதும் ரீசெல்லர் ஏபிஐ. பணம் வாங்கும் முன் ஏபிஐ-யை இன்னொரு முறை. கூடையில் போட்டுவிட்டு மறுநாள் பணம் கட்டுபவர் உண்டு.

எடுத்த பெயருக்கும் சொல்ல ஒரு பயனுள்ள செய்தி இருக்கிறது. ஆர்டாப்-இல் நிலை "ரிடெம்ப்ஷன் பீரியட்" என்றால் பழைய உரிமையாளர் மீட்க 30 நாள் அவகாசம் ஓடுகிறது. அது இல்லாமல் "பெண்டிங் டிலீட்" மட்டும் என்றால் 5 நாளில் விடுதலை. காலாவதித் தேதி கடந்துவிட்டது, நிலை இரண்டும் இல்லை என்றால் 45 நாள் வரையான தானியங்கிப் புதுப்பிப்புக் காலம். இது .காம் போன்ற பொது டிஎல்டி கணக்கு. "காலாவதி ஆகிவிட்டது, நாளை கிடைக்கும்" என்று பெட்டி சொல்லிவிடக் கூடாது.

#14 · 8 மார்ச், மதியம் 1:45

தேடல் பதிவேடு. ஒருவர் தேடும் பெயர் அவர் தொடங்கப்போகும் கடையின் பெயர். 2008 தொடக்கத்தில் ஒரு பெரிய ரெஜிஸ்ட்ரார் தன் தளத்தில் தேடிய பெயர்களைத் தானே சில நாள் பதிந்து வைத்துக்கொண்டது பெரிய சண்டையானது. பதிந்து 5 நாளுக்குள் விட்டுவிட்டால் கட்டணம் திரும்பக் கிடைத்ததால் அது முடிந்தது. 2009-இல் ஐகான் விதி இறுகியது: மாதத்தில் நிகரப் புதுப்பதிவில் 10 சதவீதம் அல்லது 50 பெயர், இவற்றில் எது கூடுதலோ அதற்கு மேல் விட்டால் பணம் திரும்பாது.

உங்கள் பங்குக்கு: பெயரை முகவரி வரியில் அனுப்பாமல் போஸ்ட்டில் அனுப்புங்கள், அப்போது அணுகல் பதிவிலும் புள்ளிவிவரக் கருவியிலும் விழாது. மூன்றாவது தளத்தின் இலவச ஏபிஐ-க்குப் பெயரைக் கொடுப்பதற்கு முன் இரண்டு முறை யோசியுங்கள்.

#15 · 10 மார்ச், காலை 9:15

ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கில் பெயரைச் சோதிப்பது பற்றி. ஐகானின் சிஇசட்டிஎஸ் என்ற சேவை வழியாகப் பொது டிஎல்டி ஸோன் கோப்புகளை விண்ணப்பித்து வாங்கலாம், நாளுக்கு ஒரு முறை புதிதாகும். .காம்-ஐ ப்ளூம் ஃபில்டரில் (பெயர் பட்டியலில் உண்டா என்று குறைந்த இடத்தில் தோராயமாகச் சொல்லும் முறை) போட்டால், 16 கோடி பெயர் என்று வைத்து, 1 சதவீதத் தவறுக்குப் பெயருக்கு 9.6 பிட், 7 ஹாஷ், மொத்தம் 192 எம்பி. சாதாரண விபிஎஸ்-இல் (வாடகைச் சர்வர்) அடங்கும். "இருக்கிறது" என்று வந்ததை எல்லாம் கழித்துவிட்டு மீதியை மட்டும் ஆர்டாப்-க்கு அனுப்பலாம்.

#16 · 10 மார்ச், காலை 9:50

மேலே கடைசி வரி தவறு. ப்ளூம் ஃபில்டர் "இல்லை" என்றால் உறுதி, "இருக்கிறது" என்றால் ஒருவேளை. அப்படியே கழித்தால், பதிவில் இல்லாத நூறு பெயரில் ஒன்றை வாடிக்கையாளரிடமிருந்து மறைத்துவிடுவோம். "இருக்கிறது" வந்ததை டிஎன்எஸ்-இல் என்எஸ் கேட்டு உறுதி செய்யுங்கள், "இல்லை" வந்ததை நேராக ஆர்டாப்-க்கு. டிஎன்எஸ்-ஐக் கேட்பது மலிவு, .காம்-க்கு 13 நேம்சர்வர் பெயர்கள் காத்திருக்கின்றன.

#17 · 11 மார்ச், மாலை 5:20

கேஷ் நேரம் கேட்டிருந்தீர்கள். எடுத்தாயிற்று: 24 மணி நேரம், காலாவதித் தேதி கடந்த பெயர் என்றால் 1 மணி. பதிவில் இல்லை: 60 விநாடி. தெரியவில்லை: கேஷே வேண்டாம்.

பெட்டியில் விசை அழுத்தி 350 மில்லி விநாடி அமைதிக்குப் பின் கேளுங்கள். புதிய கேள்வி போகும்போது பழையதை அபார்ட்கண்ட்ரோலர் கொண்டு நிறுத்துங்கள். நிறுத்தாவிட்டால் "மலர்" என்று கேட்டதற்கான பதில் தாமதமாக வந்து, "மலர்கடை" என்று இப்போது நிற்கும் பெயரின் பக்கத்தில் உட்காரும். பதிலோடு கேட்ட பெயரையும் திருப்பி அனுப்பி, பெட்டியில் உள்ளதோடு ஒத்துப்போனால் மட்டும் காட்டுங்கள்.

வாசகம் மூன்று: "எடுத்தாயிற்று", "பதிவில் இல்லை, விலை பார்", "இப்போது சொல்ல முடியவில்லை, மீண்டும் முயல்க". மூன்றாவதற்குச் சாம்பல் நிறம், பக்கத்தில் மறுமுயற்சிப் பொத்தான். பச்சையும் சிவப்பும் மட்டும் வைத்தால் மூன்றாவது பதில் ஏதாவது ஒன்றுக்குள் போய் ஒளிந்துகொள்ளும்.